மருமகனுக்கு உறைப்புக் காணாது

காத்தான்குடியில் இப்போதெல்லாம் மாமியும் மருமகனும் வட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறார்கள். “மகன், வரக்குள்ள பேக்கரியில பாண் ஒண்டு எடுத்துட்டு வாங்க” என்று மாமி குரல்பதிவு அனுப்ப, மருமகன் பெருவிரலைத் தூக்கிக் காட்டும் படமொன்றைத் திருப்பி அனுப்புகிறான். காலம் அப்படி. ஆனால் ஸஹீதாவிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். முக்காட்டை இன்னும் ஒரு விரற்கடை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, “அதெல்லாம் நம்மளுக்கு வேணாம்கா” என்று அடுப்படிக்குள் போய்விடுவாள்.

ஸஹீதா வாய் திறவாத ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். மீன்காரனோடு பேசுவாள். மீன்காரன் போன பிறகு மீனோடும் பேசுவாள். மருமகன் றிப்ஷானோடு மட்டும்தான் பேசமாட்டாள். கோபமில்லை, மரியாதை. அவளுடைய உம்மா, ஸஹீதாவின் புருஷன் இப்றாஹிமோடு, மவுத்தாகிக் கண்ணை மூடும்வரை ஒரு சொல் பேசவில்லை என்பதை அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் பட்டம் வாங்கியதைப் போலச் சொல்வார்கள். இந்தப் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே மாமியும் மருமகனும் ஒரே கூரையின் கீழ் இருந்து, ஒரே பானைச் சோற்றைத் தின்று, ஒருவரையொருவர் காணாததுபோல் காலம் தள்ள வேண்டும். சும்மா லேசுப்பட்ட காரியமா?

இவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கதவுச் சீலையும் மகள் றிஸ்லாவும் இருந்தார்கள். றிப்ஷான் சாப்பிட உட்கார்ந்தால் ஸஹீதா சீலைக்குப் பின்னால் நிற்பாள்.

“றிஸ்லா, மாப்பிளக்கி இன்னும் ரெண்டு இறால் வெக்கட்டா எண்டு கேளு.”

இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கும் றிப்ஷானுக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் றிஸ்லா திரும்பிக் கேட்கும்வரை சோற்றைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

“இன்னும் ரெண்டு இறால் வெக்கட்டாம்.”

“காணும், போதும் எண்டு சொல்லுங்க.”

“காணுமாம் உம்மா.”

“சரி, அப்ப நாலு வெய்யி.”

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. கெடுத்தது றிஸ்லாவின் வயிற்றில் வந்த பிள்ளை. பிள்ளை உண்டான நாளிலிருந்து அவளுக்கு வெங்காயம் வதங்கும் வாசம் ஆகாது, மீன் வாசம் ஆகாது, அடுப்படிப் பக்கமே ஆகாது. முன்னறையில் காற்றாடியைப் போட்டுக்கொண்டு, பிஸ்கட்டைக் கடித்தபடி கிடந்தாள். போதாததற்கு எதற்கெடுத்தாலும் அழுகை. ஒருநாள் றிப்ஷான், “உங்கட உம்மாட கறி…” என்று தொடங்கினான். அவ்வளவுதான். “என்ட உம்மாட கறிக்கி என்ன?” என்று அவள் விம்ம ஆரம்பித்துவிட்டாள். “ஒண்டுமில்ல, நல்லம் எண்டு சொல்ல வந்த” என்று அவனும் வாயைப் பொத்திக்கொண்டான்.

ஆக, தூது போகும் வேலை இப்றாஹிமின் தலையில் விழுந்தது.

இப்றாஹிம் மெயின் ரோட்டில் ஒரு சின்னப் புடைவைக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், தொழுகை தவறமாட்டார், யாரோடும் சண்டைக்குப் போகமாட்டார். ஒரேயொரு குறை, வயிற்றுப் புண். காரம், உறைப்பு எதையும் கண்ணாலும் பார்க்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். டொக்டர் சொன்னதை டொக்டரே மறந்திருப்பார், ஸஹீதா மறக்கவில்லை. அவருக்கென்று தனியாக ஒரு சின்னச் சட்டி வைத்தாள். அதில் தினமும் பாலாணம். தேங்காய்ப் பால், மஞ்சள், வெந்தயம், வெங்காயம். மிளகாய் என்று ஒரு பச்சைக் கொச்சிக்காய்கூட அந்தச் சட்டியை எட்டியும் பார்க்காது. ஊரெல்லாம் ஸஹீதாவின் கைப்பக்குவத்தைப் பேசும். கல்யாண வீடுகளில் உப்புப் பார்க்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளுடைய புருஷனோ மூன்று நேரமும் மஞ்சள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

இந்த வீட்டுக்குத்தான் றிப்ஷான் கொரியாவில் இருந்து கொண்டுவந்த சிவப்பு டப்பாக்கள் வந்து சேர்ந்தன.

றிப்ஷான் ஏறாவூர்ப் பையன். கொரியாவில் ஏதோ சாப்பாட்டுக் கொம்பனியில் வேலை செய்துவிட்டு வந்து, கல்யாணம் முடித்து, காத்தான்குடியில் போன் திருத்தும் கடை போட்டிருந்தான். அவன் கொண்டுவந்த பெட்டிக்குள் டப்பா டப்பாவாகக் கொச்சிக்காய்ப் பேஸ்ட் இருந்தது. தன் உம்மாவுக்குக் கொடுத்தான், சாச்சிமாருக்குக் கொடுத்தான், பக்கத்துக் கடைக்காரருக்குக் கொடுத்தான். மிச்சத்தைக் கல்யாணம் முடிந்து வந்தபோது மாமி வீட்டு அலுமாரியின் அடியில் வைத்தான். றிஸ்லா அடுப்படியை விட்ட பிறகுதான் அது ஸஹீதாவின் கண்ணில் பட்டது. இப்றாஹிம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஹலால் முத்திரையைக் கண்டுபிடித்து, “தின்னலாம்” என்று தீர்ப்புச் சொன்னார்.

அந்தக் குடும்பத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. மருமகன் தன் கையால் கொண்டுவந்த சாப்பாட்டுச் சாமானை முதலில் அவருக்கே ஆக்கிப் போட வேண்டும். மருமகன் முந்திரிகை கொண்டுவந்தால் அது முதலில் அவருக்கென்று அவிக்கும் வட்டிலப்ப இனிப்பில்தான் விழும். அப்படியிருக்க டப்பாக் கணக்கில் கொச்சிக்காய்ப் பேஸ்ட் கொண்டுவந்த மருமகனுக்கு எதை ஆக்கிப் போடுவது? ஸஹீதாவுக்குச் சந்தேகமே வரவில்லை. மனிசன் கடல் கடந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்றால், இது இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது என்றுதானே அர்த்தம்!

டப்பாவைத் திறந்து விரல் நுனியில் தொட்டு நக்கிப் பார்த்தாள். புளித்த வாசம், உள்ளே ஓர் இனிப்பு, ஆக்கடைசியில் மெல்லிய உறைப்பு. “இதென்ன, கொச்சிக்காயில ஜேம் காய்ச்சி வெச்சிரிக்கானுகள்” என்று முணுமுணுத்தாள். ஆனாலும் கைகாரி அல்லவா. கோழியை உள்ளி, இஞ்சியோடு பிரட்டி, அந்தப் பேஸ்டில் இரண்டு கரண்டியைப் போட்டுச் சுண்ட வைத்தாள். கறி மினுமினுவென்று சிவந்து வந்தது.

வீட்டில் ஆண்கள் ஒரே சஹனில் சாப்பிடுவார்கள். பெரிய வட்டமான தட்டு, நடுவில் சோறு, மேலே கறி. இந்தப் பக்கம் றிப்ஷான், அந்தப் பக்கம் இப்றாஹிம். இப்றாஹிமுக்குப் பக்கத்தில் அவருடைய பாலாணம் தனிக் கோப்பையில் இருக்கும். சீலைக்குப் பின்னால் நிற்கும் ஸஹீதாவுக்கு இப்றாஹிமின் அகன்ற முதுகு மட்டும்தான் தெரியும். சஹன் திரும்பி வந்தபோது கழுவி வைத்ததுபோல் இருந்தது. அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

“றிஸ்லாட வாப்பா, மாப்பிள என்ன சொன்ன?”

இப்றாஹிம் கொஞ்சம் யோசித்தார். உதட்டை ஒருதரம் நாக்கால் தடவிக்கொண்டார்.

“நல்லமாம். ஆனா உறைப்புக் காணாதாம்.”

ஸஹீதாவின் முகம் தொங்கிப்போனது. இத்தனை வருடத்தில் அவளுடைய கறியில் இது காணாது, அது கூடிவிட்டது என்று சொன்னவர் யாருமில்லை. அடுத்த நாள் நான்கு கரண்டி போட்டாள். அப்போதும் உறைப்புக் காணாதாம். டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின. கடைசி டப்பாவைக் கழுவி ஊற்றியும் காணாதாம். சொல்லும்போது இப்றாஹிமுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கேட்டால் சளி என்றார்.

இது வெறும் கைப்பெருமைச் சங்கதி என்றால் ஸஹீதா ஒரு மாதிரிச் சமாளித்திருப்பாள். ஆனால் ஒருநாள் பின்வளவில் உடுப்புக் காயப்போடும்போது, கிணற்றடியில் றிப்ஷான் போனில் பேசுவது அவள் காதில் விழுந்தது. மறுபக்கத்தில் கொரியாக் கூட்டாளி.

“மெய்தான் மச்சான், திரும்பி வரத்தான் யோசிக்கிறன். இஞ்ச எனக்கி ஏலாமக் கிடக்கு. சாப்பாட்டு நேரம் வந்தாலே மனசு அங்க போகுது.”

ஸஹீதாவின் கையிலிருந்த சாரம் மண்ணில் விழுந்தது.

அவளுக்கு வந்த பயத்தைச் சொல்ல வேண்டும். றிஸ்லா பிறந்தபோது இப்றாஹிம் சவூதியில் இருந்தார். பிள்ளை நடந்து, ஓடி, பேசவும் தொடங்கிய பிறகுதான் வந்தார். வாப்பாவைக் கண்ட பிள்ளை கள்ளன் வந்துவிட்டான் என்று கத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய் ஒளிந்தது. இப்றாஹிம் வாங்கிவந்த பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதார். அந்தக் காட்சி ஸஹீதாவின் மனசை விட்டு இன்னும் போகவில்லை. தன் பேரப்பிள்ளைக்கு அது நடக்கக்கூடாது. அதுவும் தன் கறியில் உறைப்புக் காணாமல் போனதால் நடந்தது என்றால், அவள் எந்த முகத்தோடு இருப்பாள்?

மருமகன் கொரியாவுக்குப் போகக்கூடாதென்றால் கொரியாவை இங்கே கொண்டுவர வேண்டியதுதான் என்று முடிவெடுத்தாள். அபாயாவை மாட்டிக்கொண்டு மட்டக்களப்பு டவுனுக்கு பஸ் ஏறினாள்.

டவுனில் மேர்லின் என்ற பெண் வெளிநாட்டுச் சாமான் கடை வைத்திருந்தாள். சீஸ், நூடில்ஸ், சீனத்துச் சோஸ் எல்லாம் அங்கே கிடைக்கும். மேர்லினுக்குத் தெரியாத போத்தல் இல்லை, ஆனால் எதையும் அவள் சமைத்துப் பார்த்ததும் இல்லை. தன் வீட்டில் கட்டச்சம்பலும் பாணும்தான் என்று அவளே சொல்வாள்.

“தங்கச்சி, கொரியாட கொச்சிக்காய்ப் பேஸ்ட் இரிக்கா? உறைப்பானதா வேணும்.”

“கொரியா முடிஞ்சுதக்கா. இந்தப் பொடியன்கள் நூடில்ஸுக்குப் போட்டுத் தின்டு முடிச்சிற்றாங்கள். தாய்லாந்து இருக்கு. மலேசியா இருக்கு. சீனா இருக்கு. இந்தோனேசியா இருக்கு. எல்லாம் ஒரே பக்கம்தானே.”

“ஒரே பக்கமா?”

“உலக மெப்பில பாருங்கவன், கிட்டக்கிட்ட.”

ஸஹீதா எல்லாவற்றிலும் ஒவ்வொன்று, ஹலால் முத்திரை பார்த்து வாங்கினாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பை மடியில் கிணுகிணுத்துக்கொண்டு வந்தது.

முதலில் தாய்லாந்து. வறுத்த கொச்சிக்காயும் காய்ந்த இறாலும் சீனியும் சேர்த்து எண்ணெயில் கிண்டிய கறுத்தப் பேஸ்ட். இறால் பொரியலில் போட்டாள். அவளுக்கே வாயூறியது. இப்றாஹிம் வந்து சொன்னார்: “இனிப்பாம். மாப்பிளக்கி இனிப்பு விருப்பமில்லையாம்.”

அடுத்தது சீனா. கொச்சிக்காயும் அவரைக் கொட்டையும் சேர்த்துப் புளிக்கவைத்த கூட்டு. போத்தலில் இருந்த படத்தைப் பார்த்து, எண்ணெயில் போட்டு வதக்க வேண்டும் என்று ஊகித்துக்கொண்டாள். வதக்க வதக்க எண்ணெய் சிவந்து மேலே மிதந்தது. அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. பிழை என்னவென்றால், பேஸ்டிலேயே உப்புக் கிடக்கிறது என்று தெரியாமல், கை வழக்கத்தில் அவளும் உப்பைப் போட்டாள். அன்றைக்கு வீட்டில் எல்லோரும் இரவாகும்வரை தண்ணீர் குடித்தார்கள். தூதுவர் சொன்னார்: “உப்புக் கூடினாலும் காரியமில்லையாம், உறைப்புத்தானாம் காணாது.”

மலேசியாச் சம்பலைத் திறந்த நாளை அந்தச் சின்ன ஒழுங்கையில் ஒரு வீடும் மறக்காது. பச்சைக் கொச்சிக்காயோடு புளித்த இறாலை இடித்துச் செய்தது. சட்டியில் பட்டதும் எழும்பிய வாசத்துக்குத் தெருப் பூனைகள் மதிலில் வரிசையாக வந்து குந்தின. பக்கத்து வீட்டு முப்லிஹா எட்டிப் பார்த்து, “ஸஹீதாத்தா, உங்கட சாக்கடைக் கான் எங்கயும் அடைச்சிட்டா?” என்று விசாரித்தாள். முன்னறையில் றிஸ்லா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடி அழுதாள். ஆனால் தேசிக்காய் பிழிந்து, வெங்காயம் போட்டு, கத்தரிக்காயில் பிரட்டி எடுத்தபோது சட்டியை வழித்து நக்கலாம்போல் இருந்தது. எல்லாவற்றையும் விட இது நன்றாக வந்திருக்கிறதென்று ஸஹீதா உள்ளுக்குள் துள்ளினாள்.

“காணாதாம்” என்றார் இப்றாஹிம். கண்ணிரண்டும் சிவந்து, காது மடலும் சிவந்து, நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நின்றது.

“உங்களுக்கு என்ன, காய்ச்சலா?”

“கடைக்குள்ள சரியான புழுக்கம், புள்ள.”

இதற்கிடையில் ஏறாவூரிலிருந்து சம்பந்தி கைறுன்னிஸா மருமகளைப் பார்க்க வந்தாள். மருமகளைப் பார்த்துவிட்டு மகனையும் பார்த்தாள். பார்த்தவள் சத்தம் போடவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்து, “என்ட மகன்ட கன்னம் ரெண்டும் உள்ள போயிரிக்கி” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில் கொழுக்க வேண்டும், அதுதான் ஊர் நடைமுறை. மெலிந்தால் ஊர் வாய்க்குள் விழுவது மாமி. சம்பந்தி போன பிறகு ஸஹீதா குசினிக்குள் போய், தேங்காய் துருவிக்கொண்டே அழுதாள். துருவி முடிந்தும் அழுகை முடியவில்லை. இன்னொரு தேங்காயை எடுத்தாள்.

அன்று மாலை கிணற்றடியிலிருந்து மீண்டும் றிப்ஷானின் குரல் கேட்டது. “வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்றன் மச்சான். முதலாளிட்டச் சொல்லி வை.”

வெள்ளிக்கிழமைக்குள்ளா! அப்படியென்றால் வெள்ளிக்கிழமைப் பகல் சாப்பாடுதான் கடைசி வாய்ப்பு.

வெள்ளி விடிந்ததும் வாவியில் பிடித்த நண்டு வாங்கினாள். ஓடு தடித்த, சதை நிறைந்த நண்டுகள். மிச்சமிருந்த போத்தல் எல்லாவற்றையும் வரிசையில் வைத்தாள். இந்தோனேசியாப் போத்தலை அப்போதுதான் திறந்தாள். உள்ளே கொச்சிக்காய், உப்பு, வினாகிரி. வேறொன்றுமில்லை. “இந்தக் கூத்த நானே அம்மியில அரைப்பனே!” என்று கொதித்தாள். ஆனால் நுனிநாக்கில் வைத்துப் பார்த்தபோதுதான் அது இதுவரைக்கும் வந்ததெல்லாவற்றுக்கும் வாப்பா என்று தெரிந்தது. முழுப் போத்தலையும் கவிழ்த்தாள். சீனாவை எண்ணெயில் வதக்கினாள். தாய்லாந்தையும் மலேசியாவையும் மேலே போட்டாள். இவ்வளவும் போட்ட பிறகும் காணாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், நம்முடைய செத்தல் கொச்சிக்காயை ஒரு கை அள்ளி, வறுத்து, இடித்துத் தூவினாள். பிஸ்மில்லாஹ் சொல்லி மூடினாள்.

கொஞ்ச நேரத்தில் மூடியைத் திறந்து, அகப்பையில் ஒரு துளி எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். வலது காது அடைத்துக்கொண்டது. திருப்தியாகத் தலையாட்டினாள்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து றிப்ஷான் வந்தான். இப்றாஹிம் வரவில்லை. பள்ளிவாசலில் புது மின்விசிறி போடுவதைப் பற்றிக் கூட்டமாம், அவரைப் பிடித்து வைத்துக்கொண்டார்களாம். றிஸ்லா முன்னறையில் நித்திரை. கறி ஆறிப்போகும் என்று ஸஹீதா சஹனை எடுத்துவந்து பாயில் வைத்துவிட்டுச் சீலைக்குப் பின்னால் போய் நின்றாள். தூதுவர் இல்லாதது அவளுக்குச் சங்கடம்தான். ஆனாலும் ஒரு நன்மை இருந்தது. இப்றாஹிமின் முதுகு மறைக்காததால், முதல்முறையாக மருமகன் சாப்பிடுவதை நேரில் பார்க்கப் போகிறாள்.

றிப்ஷான் சஹனுக்கு முன்னால் உட்கார்ந்தான். கறியைப் பார்த்தான். எதிரே வெறுமையாகக் கிடந்த மாமாவின் இடத்தைப் பார்த்தான். வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். கடலில் குதிக்கப் போகிறவன்போல் கண்ணை மூடிக்கொண்டு, “பிஸ்மில்லாஹ்” என்று முதல் பிடியை வாயில் வைத்தான்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவனுடைய நெற்றி வியர்த்தது. கண்ணிலிருந்து தண்ணீர் தாரைதாரையாகக் கொட்டியது. விக்கல் எடுத்தது. ஜக்கிலிருந்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தான். விக்கல் நிற்கவில்லை. ஜக்கைக் கவிழ்த்துப் பார்த்தான், ஒரு துளி விழுந்தது.

அவன் கூரையில் சுழன்ற காற்றாடியை நிமிர்ந்து பார்த்து, “தண்ணி… ஹிக்… முடிஞ்சி எண்டு சொல்லுங்க” என்றான்.

சீலைக்குப் பின்னால் ஸஹீதா கை பிசைந்தாள். யாரிடம் சொல்வது? பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டிதான் நின்றது. “பானையில இரிக்கி எண்டு சொல்லு” என்றாள் அதனிடம்.

“பானை எங்க… ஹிக்… எண்டு கேளுங்க.”

“குசினிக்குள்ள எண்டு சொல்லு.”

“எழும்ப ஏலா… ஹிக்… எண்டு…” றிப்ஷானின் குரல் அடைத்துக்கொண்டது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு, கடைசி மூச்சைக் கூட்டி, வீடே அதிரக் கத்தினான்:

“மாமீஈஈ!”

அதற்குப் பிறகு ஸஹீதாவுக்கு மரியாதையும் தெரியவில்லை, மண்ணாங்கட்டியும் தெரியவில்லை. சீலையை விலக்க நேரமில்லாமல் அதையும் இழுத்துக்கொண்டே ஓடிவந்தாள். கையில் எருமைத் தயிர்ச் சட்டி.

“தண்ணி குடிக்காதீங்க மகன், கூடும்! இதக் குடிங்க! வாயத் திறங்க!”

சட்டியோடு வாயில் சரித்தாள். தயிர் வாயிலும் போனது, மூக்கிலும் போனது, ஜும்ஆவுக்குப் போட்ட வெள்ளைச் சேட்டிலும் போனது. சத்தம் கேட்டு எழும்பி வந்த றிஸ்லா, தலையில் கதவுச் சீலையோடு தன் உம்மா தன் புருஷனுக்குத் தயிர் பருக்குவதைக் கண்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விக்கல் அடங்கியதும் றிப்ஷானின் பார்வை ஒரு பக்கமாகப் போனது. அங்கே பாயின் மூலையில் இப்றாஹிமுக்கென்று வைத்த பாலாணக் கோப்பை இருந்தது. அவன் அதை எட்டி எடுத்து, சோற்றை வேறாக்கி, ஊற்றிப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தான். பசித்த பிள்ளை சாப்பிடுவதுபோல் சாப்பிட்டான். கோப்பை காலியானது.

ஸஹீதா திகைத்துப்போய் நின்றாள். “மகன், நீங்கதானே உறைப்புக் காணாது, காணாது எண்டு நெடுகச் சொல்லி அனுப்பின?”

“நானா?” றிப்ஷானின் வாயில் சோறு அப்படியே நின்றது. “மாமி, ஒவ்வொரு நாளும் மாமாட்ட, உறைப்பக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க எண்டு கெஞ்சினன். சொல்லிட்டன், சொல்லிட்டன் எண்டாரு. மாமி மனசு நோகும், நீங்க கொஞ்சம் தின்னுங்க, மிச்சத்த நான் பாத்துக்கிறன் எண்டாரு.”

“அப்ப சஹன வழிச்சித் துடைச்ச ஆரு?”

அந்த நேரத்தில்தான் கூட்டம் முடிந்து இப்றாஹிம் வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே நடந்தது எதுவும் தெரியாது. மூக்கை உயர்த்தி ஆழமாக மூச்சிழுத்து, “சுப்ஹானல்லாஹ்! நண்டா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். சஹனைக் கண்டதும் வேறெதையும் காணவில்லை. சட்டென்று குந்தி, ஒரு நண்டுக் காலை உடைத்து உறிஞ்சினார். கண்கள் கலங்கின. முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

“மாஷா அல்லாஹ், இப்பதான் காணும்” என்றார். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார்.

ஸஹீதா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது. சுருக்கமாகச் சொன்னால், பக்கத்து வீட்டு முப்லிஹா மதிலடிக்கு வந்து முழுவதையும் கேட்டுவிட்டுப் போனாள்.

“ரெண்டு வருசமா பாலாணம் புள்ள” என்றார் இப்றாஹிம், நண்டுக் காலைக் கையிலிருந்து விடாமல். “கனவுலயும் பாலாணம் வருது. நான் என்ன செய்ற? மாப்பிளட பேரச் சொன்னாத்தான் நீ போடுவாய்.”

“அப்ப வயித்துப் புண்ணுக்கு என்ன ஆகும்?”

“அது எப்பவோ ஆறிட்டு. டொக்டரும் சொல்லிட்டாரு. உன்னட்டச் சொல்லத்தான் பயம்.”

ஸஹீதாவுக்குக் கோபம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். ஆனால் அவளுடைய மனசில் கிடந்த கல் இன்னும் அப்படியே இருந்தது. அவள் றிப்ஷானின் பக்கம் திரும்பினாள். சீலை எங்கேயோ விழுந்து கிடந்தது.

“மகன், அப்ப நீங்க கொரியாவுக்குப் போகப் போற என்னத்துக்கு? அந்தப் பேஸ்ட் இல்லாம ஏலா எண்டு இல்லையா?”

றிப்ஷான் சேட்டில் இருந்த தயிரைத் துடைத்தான். “மாமி, நான் அங்க செய்த வேலையே அந்தப் பேஸ்ட டப்பாவுல அடைக்கிறதான். காலையில இருந்து பின்னேரம் வரைக்கும் சிவப்பு, சிவப்பு, சிவப்பு. தலைமுடியிலயும் அந்த வாசம். வரக்குள்ள முதலாளி அன்புல ஒரு பெட்டி தந்தான், எறிய மனமில்ல. ஆரும் தின்னட்டும் எண்டு பங்கு வெச்சன். மிஞ்சினத அலுமாரியில ஒளிச்சன். நீங்க எடுத்து எனக்கே ஆக்கிப் போட்டீங்க.”

“அப்ப ஏன் திரும்பிப் போற?”

அவன் தலையைக் குனிந்தான். “அந்தக் கொம்பனி கண்டீன்ல தண்ணி மாதிரி ஒரு சூப்பும் வெள்ளைச் சோறும் தருவாங்க மாமி. உறைப்பே இராது. இஞ்ச வயித்தெரிச்சல் தாங்காம, அதத் திங்கத்தான் போவம் எண்டு யோசிச்சன்.”

ஸஹீதா அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டாள். மருமகன் போய்விடக்கூடாது என்று உலகத்துக் கொச்சிக்காயையெல்லாம் வாங்கிக் கொட்டி, அவனைக் கொரியாவுக்குத் துரத்தியது அவளேதான். அவள் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது. றிஸ்லாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, காரணமே கேட்காமல் கூடச் சேர்ந்து அழுதாள்.

“நாளையில இருந்து உங்களுக்குப் பாலாணம் மகன்” என்றாள் ஸஹீதா, மூக்கைச் சிந்திக்கொண்டே. “பெரிய சட்டியில. புள்ள பிறக்கக்குள்ள நீங்க பக்கத்துல நிக்கணும், அதுதான் எனக்கி வேணும்.”

“நிப்பன் மாமி.”

அவன் அங்கேயே, அவர்கள் எல்லோருக்கும் முன்னால், போனை எடுத்துக் கூட்டாளியை அழைத்தான். “மச்சான், நான் வரல்ல. முதலாளிட்டச் சொல்லிரு.” மறுபக்கத்திலிருந்து ஏன், என்ன நடந்தது என்று கூட்டாளி விடாமல் கேட்பது எல்லோர் காதிலும் விழுந்தது. றிப்ஷான் மாமியைப் பார்த்துப் புன்னகைத்தபடி, மனசு நிறைந்துபோய்ச் சொன்னான்: “இல்ல மச்சான், வீட்டுச் சாப்பாடு இப்ப சரியாயிட்டு.”

இப்றாஹிம் நண்டை மெல்லுவதை நிறுத்தினார்.

கல்யாண வீடுகளில் உப்புப் பார்க்கும் ஸஹீதா, கண்ணீரைத் துடைத்த கையை மெதுவாகக் கீழே இறக்கினாள். மருமகனை முகத்துக்கு நேரே பார்த்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கேட்டாள்:

“இப்ப சரியாயிட்டு எண்டா, மகன், இவ்வளவு நாளும் என்ட சாப்பாடு பிழையாவா இரிந்த?”

றிப்ஷான் போனைக் கீழே வைத்தான். பாயைப் பார்த்தான். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, “இல்ல எண்டு உம்மாட்டச் சொல்லுங்க” என்றான் றிஸ்லாவிடம்.